நடுத்தர அபாயம்

ஜனவரி 9, வியாழன். கோயமுத்தூர்

காலையில் கூரியர்காரர் தடித்த உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்பார்த்ததுதான். ஒன்பது வருஷம் கழித்து வரும் உலகக் கால்பந்துப் போட்டியை எந்த நாட்டில் நடத்துவது என்று பார்த்துச் சொல்லச் சர்வதேசக் கால்பந்துப் பேரவை அனுப்பும் ஆய்வுக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். மொத்தம் நான்கு பேர். தலைவர் ஒருவர், ஓட்டல்களைப் பார்க்க ஒருவர், சட்டத்துக்கு ஒருவர். கூட்டப் பாதுகாப்பு என் பொறுப்பு.

உறைக்குள் ரகசியக் காப்பு ஒப்பந்தம் பதினோரு பக்கம். நான் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். ஆகவே இந்த நோட்டில்கூட நாடுகளின் பெயரை எழுதப் போவதில்லை. போட்டியை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டிருப்பவை இரண்டு. ஒன்றில் மலை அதிகம், அது மலைநாடு. இன்னொன்று கடல்நாடு. நாங்கள் இரண்டுக்கும் போய்ப் பார்த்து, ஒவ்வொரு விஷயத்துக்கும் குறைந்த அபாயம், நடுத்தர அபாயம், அதிக அபாயம் என்று மூன்றில் ஒன்றை எழுதித் தர வேண்டும். மே மாதம் பேரவை கூடும். இருநூற்று மூன்று நாடுகளின் கால்பந்துச் சங்கங்கள் ஆளுக்கு ஒரு ஓட்டுப் போடும். கோடிக்கணக்கில் ஜனம் உள்ள நாட்டுக்கும் ஒரு ஓட்டு. காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்கூட இல்லாத தீவுக்கும் ஒரு ஓட்டு. இதற்குப் பெயர் ஜனநாயகமாம்.

“ஒரு டீம்ல எத்தன பேரு ஆடுவாங்கன்னாச்சும் உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார் இவர், என் வீட்டுக்காரர்.

தெரியாது. ஆடுகிறவர்களைப் பார்ப்பது என் வேலை இல்லை. பார்க்க வந்தவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேருகிறார்களா என்பதுதான் என் வேலை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டவுனில் கால்பந்துப் போட்டிக்குப் போட்டிருந்த தற்காலிக கேலரி சரிந்தபோது விசாரணை அறிக்கை எழுதியவள் நான். மூன்று பெயர்களை எழுதினேன். அதில் ஒருவருக்கு மந்திரி வேண்டியவர். அரசுப் பொறியியல் கல்லூரியில் இருந்த என்னைக் கடலோரத்தில் ஒரு பாலிடெக்னிக்குக்குத் தூக்கியடித்தார்கள். நான்கு வருஷம் உப்புத் தண்ணீரில் குளித்தேனே ஒழிய ஓர் எழுத்தை மாற்றவில்லை. பேரவைக்காரர்கள் அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பையன் கார்வேந்தனிடம் சொல்ல மாடிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இருபத்தொன்பது வயது. “நல்லதுங்கம்மா” என்று உள்ளிருந்தே சொன்னான்.

ஜனவரி 20, திங்கள்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஒப்பணக்கார வீதியில் ஸ்வெட்டர் இரண்டு. கடைக்காரருக்கு ஊட்டிக்குமேல் குளிர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய். மலைநாடு

குழுவை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். தலைவர் ஆஸ்டர்மான் அறுபது வயதுக்காரர். எதையும் நேராகச் சொல்லமாட்டார். கழிவறை நாறுகிறது என்பதை “மேம்படுத்த வாய்ப்புள்ள பகுதி” என்பார். ஓட்டல்களைப் பார்க்கும் பெனடெட்டி போகிற இடமெல்லாம் தலையணையை அமுக்கிப் பார்க்கிறார். அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு யோசிக்கிறார். இதற்கு ஒரு மனிதரை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். சட்டக்காரர் வாயே திறக்கவில்லை. அந்தமட்டில் நல்லவர்.

காலையில் படம் போட்டுக் காட்டினார்கள். வெறுங்காலோடு ஒரு சிறுமி புல்வெளியில் பந்தை உதைத்துக்கொண்டு மெதுவாக ஓடுகிறாள். பிறகு மந்திரி எழுந்து, எங்கள் மக்களின் ரத்தத்திலேயே கால்பந்து ஓடுகிறது என்றார். ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றையும் காட்டவில்லை.

மதியச் சாப்பாடு வேகவைத்த உருளைக்கிழங்கு. உப்பு கேட்டேன். கேட்டதற்கு வருத்தப்பட்டார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

மலைநாட்டின் பெரிய ஸ்டேடியம் கட்டி அறுபது வருஷம் ஆகிறது. பெயிண்ட் உரிந்திருக்கிறது. ரயில் இருபது நிமிடம் தாமதம். மேயர் கைகொடுக்கும்போது வேறெங்கோ பார்க்கிறார். உங்களுக்குக் கொடுக்க இஷ்டம் இருந்தால் கொடுங்கள் என்பது போலத்தான் எல்லோரும் நடந்துகொள்கிறார்கள்.

இன்று அங்கே ஒரு சாதாரண லீக் ஆட்டம் நடந்தது. நாற்பத்தோராயிரம் பேர். ஆட்டம் முடிந்ததும் நான் கையில் ஸ்டாப்வாட்சோடு மேலே நின்றேன். நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு வெளியே நேரே அகலமான தெரு. ஏழு நிமிடத்தில் காலி. ஒரு ஆள்கூட முண்டவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ புத்தியுள்ள ஆள் வரைந்திருக்கிறார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறைந்த அபாயம் என்று எழுதிக்கொண்டேன்.

“கொஞ்சம் உற்சாகம் குறைவான நாடு” என்றார் ஆஸ்டர்மான் திரும்பும்போது. பெனடெட்டி தலையணை கல் மாதிரி இருக்கிறது என்றார்.

பிப்ரவரி 17, திங்கள். கடல்நாடு

விமான நிலையத்தில் ‘வருக வருக டாக்டர் பூங்கோதை மருதாசலம் அவர்களே’ என்று தமிழில் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். பெயர் ஞானதுரை. தூத்துக்குடிக்காரர். இந்த நாட்டுக் கால்பந்துக் குழுவின் ஆபீஸில் பத்து வருஷமாக வேலை. நான் இங்கே இருக்கிற நான்கு நாளும் எனக்கென்றே அவரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம். என்ன வேணும்னாலும் எங்கிட்ட சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

அறையில் டவரா டம்ளரில் ஃபில்டர் காபி வந்தது. மேஜைமேல் நான் வீட்டில் போடுகிற அதே பிரஷர் மாத்திரை ஓர் அட்டை. இவர்கள் எதையும் விடுவதில்லை. இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் நான் இல்லை. காபி நன்றாக இருந்தது. இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டேன்.

மாலையில் இங்கேயும் படம். மீண்டும் வெறுங்கால் சிறுமி, மீண்டும் மெதுவான ஓட்டம், புல்லுக்குப் பதில் மணல். இரண்டு நாட்டுக்கும் ஒரே விளம்பரக் கம்பெனியாக இருக்கும். இங்கேயும் ரத்தத்தில் கால்பந்துதான் ஓடுகிறதாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இறுதி ஆட்டத்துக்கான ஸ்டேடியத்தைக் கரையை விட்டுத் தள்ளி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவில் கட்டப் போகிறார்கள். அறுபத்திரண்டாயிரம் இருக்கை. கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரி வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் முத்துச்சிப்பி போலத் திறக்கிறது. பெனடெட்டி நான்கு தரம் அழுத்தினார்.

நான் தீவிலிருந்து கரைக்கு எப்படி வருவது என்று கேட்டேன். பாலம் என்றார்கள். எத்தனை பாலம்? ஒன்று.

இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துப் போனேன். பாலம் பதினெட்டு மீட்டர் அகலம் வரும். பரவாயில்லை. ஆனால் கரையில் அது முடிகிற இடத்தில் இடிக்கக் கூடாத பழைய சுங்கக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டித்தான் ரயில் நிலையத்துக்குப் படிக்கட்டு இறங்குகிறது. டேப் வைத்து அளந்தேன். ஏழு மீட்டர்.

ஒரு மீட்டருக்கு நிமிடத்தில் எண்பது பேர் இறங்கலாம். ஏழு மீட்டரில் ஐந்நூற்று அறுபது. அறுபத்திரண்டாயிரம் பேரும் இறங்க ஒரு மணி ஐம்பது நிமிடம். அதுவும் எல்லோரும் அமைதியாக இறங்கினால். தீயோ மழையோ வெறும் வதந்தியோ கிளம்பினால், பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் அடைத்திருப்பது தெரியாது. தள்ளுவார்கள். கூட்டத்தில் சாகிறவர்கள் மிதிபட்டுச் சாவதில்லை. நின்றபடியே மூச்சுவிட இடமில்லாமல் சாகிறார்கள். இதை நான் இருபது வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அவர்களுடைய தலைமைப் பொறியாளரிடம் கணக்கைக் காட்டினேன். அவர் தலைகுனிந்துகொண்டார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அதிக அபாயம். சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 19, புதன்

காலையில் நால்வருக்கும் ஆளுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே முத்துமாலை. நான் திருப்பிக் கொடுத்து, திரும்பப் பெற்றுக்கொண்டோம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். பெனடெட்டி மனைவிக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டார். மறுத்தால் அவர்கள் மனம் புண்படும் என்று ஆஸ்டர்மானும் வைத்துக்கொண்டார். என்ன பிறவிகளோ.

மதியம் ஞானதுரை வீட்டில் சாப்பாடு. வஞ்சிரக் குழம்பு. அவருடைய மனைவியின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்திருந்தது.

“அக்காவுக்குப் பிள்ளைங்க எத்தன பேரு?”

“ஒரே பையன்.”

“தம்பி என்ன பண்ணுதாரு?”

சொன்னேன். ஆர்க்கிடெக்ட், மெடல் வாங்கிப் படித்தவன், நல்ல இடம் அமையவில்லை, நம் ஊரில் சிபாரிசு இல்லாமல் எதுவும் நடப்பதில்லை, இப்படி.

“இங்க ஆர்க்கிடெக்டுக்கு ரொம்பத் தட்டுப்பாடுக்கா” என்றார். “இன்னுங் கொஞ்சம் மீனு வைக்கட்டா?”

அவராகக் கேட்டார், நான் சொன்னேன். அதற்குமேல் பேச்சு இல்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, திங்கள். கோயமுத்தூர்

என் பகுதி முடிந்தது. ஒன்பது பக்கம். மலைநாடு, குறைந்த அபாயம். கடல்நாடு, அதிக அபாயம். ஏழு மீட்டர் கணக்கு முழுவதையும் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன்.

பேரவை விதிப்படி பாதுகாப்பில் ‘அதிக அபாயம்’ என்று யார் எழுதினாலும் அந்தப் பத்தியை ஓட்டெடுப்புக்கு முன்னால் மேடையில் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்ற இருநூறு பக்கத்தையும் எவரும் புரட்டப் போவதில்லை. என் பத்தி மட்டும் காதில் விழும். அவர்கள் முகங்களைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

போர்வெல் மோட்டார் மறுபடி மக்கர். ஆள் நாளை வருகிறானாம். போன வாரமும் நாளைதான் வருவதாகச் சொன்னான்.

மார்ச் 8, சனி

ஆஸ்டர்மான் வீடியோவில் வந்தார். முதல் பத்து நிமிடம் என் உடல்நிலை, கோயமுத்தூர் வெயில், என் வீட்டுக்காரருடைய முழங்கால். பிறகு விஷயம்.

“உங்கள் அறிக்கை அபாரம், டாக்டர். ஒரே ஒரு சொல்தான். ‘அதிக’ என்பது மிகவும் வலிமையான சொல்.”

“சொல்லுக்கு வலிமை இருக்கிறதா என்பது எனக்குக் கவலை இல்லை. அந்தப் படிக்கட்டுக்கு அகலம் இல்லை.”

“வடிவமைப்பு இன்னும் இறுதியாகவில்லை. நாம் அவர்களை ஊக்கப்படுத்த வேண்டும், இல்லையா?”

“நான் ஊக்கப்படுத்த வரவில்லை. அளக்க வந்தேன்.”

சிரித்தார். நேரம் இருக்கிறது, இருபத்தொன்றாம் தேதிவரை யோசியுங்கள் என்றார். அந்த ஆள் வாழ்க்கையில் ஒரு தரமாவது ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. யோசிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

மார்ச் 12, புதன்

கார்வேந்தனுக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வீடியோவில் நேர்காணல் வந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை, கீழே இறங்கி வந்துவிட்டான். சட்டைக்குக் கீழே இன்னும் லுங்கி.

“என்ன கேட்டாங்க சாமி?”

“எப்ப வந்து சேர முடியும்னு கேட்டாங்க. சைவமா அசைவமான்னு கேட்டாங்க. நான் பண்ணுன டிசைன் ஒண்ணையும் பாக்கவே இல்லீங்கம்மா.”

“பாத்துட்டுத்தான் கூப்பிட்டிருப்பாங்க.”

“நான் எதுமே அனுப்பலியே.”

கெட்டிக்காரனைப் பார்த்தாலே தெரியும் என்றேன். இந்த ஊரில்தான் தெரியவில்லை. கம்பெனி கடல்நாட்டில் இருக்கிறது. பெரிய கம்பெனி. விமான நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் வடிவமைத்திருக்கிறார்கள். ஸ்டேடியமும் செய்கிறார்கள்.

மார்ச் 15, சனி

வேலை உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவன் கீழே உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டான். நான்காவது தோசை கேட்டான்.

ஞானதுரையிடமிருந்து வாட்ஸப்: “வாழ்த்துகள் அக்கா. தம்பி நம்ம பக்கம் வாராராமே. நாங்க பாத்துக்கிடுதோம்.” அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. சின்ன நாடு, எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

நன்றி என்று மட்டும் போட்டேன்.

மார்ச் 19, புதன்

கடல்நாட்டிலிருந்து திருத்திய வரைபடம் வந்திருக்கிறது. தீவின் வடக்கே இரண்டாவது பாலம் ஒன்றைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு பக்கக் கடிதம். “சாத்தியக்கூறு ஆராயப்படும்.”

புள்ளிக்கோட்டின்மேல் மனிதர் நடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஓர் அரசாங்கம் எழுத்தில் கொடுப்பதை ஒரேயடியாகத் தள்ளுவதும் நியாயம் இல்லை. ஆய்வாளர் என்பவர் புதிய தகவல் வந்தால் பரிசீலிக்க வேண்டும். முன்முடிவோடு இருப்பது விஞ்ஞானம் ஆகாது. மேலும் போட்டிக்கு ஒன்பது வருஷம் இருக்கிறது. ஒன்பது வருஷத்தில் ஒரு பாலம் கட்ட முடியாதா? நம் அவினாசி ரோட்டில் கட்டவில்லையா? தவிரவும் நான் எதை எழுதினாலும் அந்த இருநூற்று மூன்று பேரில் ஒருவரும் படிக்கப் போவதில்லை. மேடையில் வாசிக்கும்போது பாதிப்பேர் காபி குடிக்கப் போயிருப்பார்கள், மீதிப்பேர் கொடுத்த பையில் என்ன இருக்கிறது என்று துழாவிக்கொண்டிருப்பார்கள். எங்கே ஓட்டுப் போடுவது என்பதை எப்போதோ பேசி முடித்திருப்பார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள்.

இட்லிக்கு அரைக்க வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

“இரண்டாவது பாலம் குறித்த உறுதிமொழியின் அடிப்படையில், நடுத்தர அபாயம். உரிய நடவடிக்கைகளால் சரிசெய்யக்கூடியது.” ஒன்பது பக்கம் நான்காகச் சுருங்கியது. ஏழு மீட்டர் கணக்கு பின்னிணைப்புக்குப் போய்விட்டது.

காலை பதினொன்றரைக்கு அனுப்பினேன். பதினொன்று முப்பத்தைந்துக்கு ஆஸ்டர்மானிடமிருந்து பதில். “மிகவும் சமநிலையான அறிக்கை.”

மார்ச் 22, சனி

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். “ரிப்போர்ட்ட அனுப்பிட்டியா?”

“நேத்தே போயிருச்சுங்க.”

“பையனுக்கு வேல வந்தது அதுக்கு முன்னாடிதான?”

“ஆமா. அதுக்கென்னங்க?”

“ஒண்ணுமில்ல. அந்தக் கம்பெனிதான் அந்த ஸ்டேடியத்த வரையுதுன்னு அவன் சொன்னான். அதான் கேட்டேன்.”

துணி துவைக்கிற மெஷின் சத்தம் போடுகிறது, போய்ப் பாருங்கள் என்றேன். போனார். முப்பத்திரண்டு வருஷம் மில்லில் கணக்குப் பார்த்த மனிதர், எதையும் இரண்டு தரம் கேட்கமாட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பீளமேடு விமான நிலையத்தில் கார்வேந்தனை ஏற்றிவிட்டோம். புதுச் சட்டை, புது ஷூ. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பருப்புப் பொடி டப்பாவை மூன்றாம் முறையாகச் சரிபார்த்தேன்.

மாடி அறையைப் பெருக்கித் துடைத்தேன்.

மே 14, புதன். பேரவை கூடும் நகரம்

ஆய்வுக் குழுவையும் மாநாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அலங்காரத்துக்கு.

சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், மச்சினன்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு திருவிழா. காலையில் மலைநாட்டுக்காரரைக் கட்டிப்பிடித்து உங்களுக்குத்தான் என்று சொன்ன அதே ஆளை மதியம் கடல்நாட்டுக்காரர் தோளில் கைபோட்டபடி பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே சிரிப்பு. மலைநாட்டு மேயர் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரையும் கட்டிப்பிடிக்கத் தெரியாத மனிதர். இவர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது.

எங்கள் அறிக்கையை ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்திருந்தார்கள். சாயங்காலம் பார்த்தேன், முக்கால்வாசி அப்படியே கிடந்தது. ஒன்றின்மேல் யாரோ சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள். நான் சொன்னது சரிதான்.

மே 15, வியாழன்

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலைச் சிற்றுண்டியின்போது ஒருவர் தட்டோடு வந்து எதிரே உட்காரலாமா என்றார். பூப்போட்ட சட்டை, தடித்த கண்ணாடி. பெயர் லெமெகி. பெருங்கடலில் ஒரு தீவுக்கூட்டத்தின் கால்பந்துச் சங்கச் செயலாளர். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். எல்லோரையும் போல இவருக்கும் ஏதோ வேண்டும் என்று நினைத்தேன்.

“உங்கள் பகுதியை நான் மூன்று தரம் படித்தேன், டாக்டர்” என்றார்.

காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“பின்னிணைப்பையும் படித்தேன். ஏழு மீட்டர். கணக்கு எனக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் என்று பார்த்ததும் பயந்துவிட்டேன். என் அண்ணன் அப்படித்தான் போனான். பக்கத்து நாட்டில் ஆட்டம் பார்க்கப் போனான். வெளிவாசல் ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். நின்றபடியே இறந்துபோனான். அவன் சட்டைகூடக் கிழியவில்லை.”

“வருந்துகிறேன்” என்றேன்.

“ஆனால் அதன் பிறகு நீங்கள் நடுத்தர அபாயம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சரிசெய்யக்கூடியது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்களைப் பற்றியும் படித்தேன். அந்த கேலரி விபத்து அறிக்கை. மந்திரிக்கே பயப்படாதவர் சும்மா எழுதமாட்டார் என்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன். எங்கள் பக்கத்துத் தீவுகள் மூன்றும் நாங்களும் எப்போதும் சேர்ந்துதான் முடிவெடுப்போம். படிக்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். கடல்நாட்டிலிருந்து எங்களுக்கு நேர் விமானம் உண்டு. எங்கள் ஜனங்கள் போய்ப் பார்ப்பார்கள். அதனால்தான் நேரில் கேட்டுவிடலாம் என்று வந்தேன். அந்த இரண்டாவது பாலம் நிச்சயம் வருமா?”

அவர் தட்டில் ஒரு அவித்த முட்டை இருந்தது. அதைத் தொடவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறிவாளி என்றும் சொல்ல முடியாது, அப்பாவி என்றும் சொல்ல முடியாது. வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற ரகம். அந்த ரகத்தை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

“உறுதிமொழி கொடுத்திருக்கிறார்கள்” என்றேன்.

“உங்களுக்கு அது போதுமா?”

“அறிக்கையில் இருப்பதுதான் என் கருத்து.”

அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு முட்டையைச் சாப்பிட்டார்.

பதினொரு மணிக்கு ஓட்டெடுப்பு. மேடையில் வாசிக்க எந்தப் பத்தியும் இல்லாததால் நேரே ஓட்டுக்குப் போனார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் இரண்டு பொத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடல்நாடு நூற்று மூன்று, மலைநாடு நூறு. கூரையிலிருந்து நீலக் காகிதத் துண்டுகள் கொட்டின. பெனடெட்டி எழுந்து நின்று கைதட்டினார். அந்தக் காகிதத் துண்டுகளை முன்கூட்டியே நீலத்தில் வெட்டி வைத்திருந்தார்கள் என்பதை நான் கவனித்தேன். பச்சையும் ஒரு மூட்டை வைத்திருந்தார்களோ என்னவோ.

நான் கூட்டிக் கழித்தெல்லாம் பார்க்கவில்லை. தீவுக்காரர்களின் நான்கு ஓட்டு என்பது நான்கு ஓட்டு. யாருக்கு எதனால் விழுந்தது என்று யார் சொல்ல முடியும்?

வெளியே வரும்போது லெமெகி தேடிக்கொண்டு வந்தார். கையில் அறிக்கையின் அந்தப் பக்கம், தனியாகக் கிழித்தது. ஊரில் தன் அண்ணிக்குக் காட்ட வேண்டுமாம். இப்போதெல்லாம் இதைக் கவனிக்க ஆள் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்.

போட்டுக் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு. கோயமுத்தூர்

பிரஷர் 160/100. பயணக் களைப்பு. மாத்திரையை மாற்றியிருக்கிறார் டாக்டர்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் கார்வேந்தன் கூப்பிட்டான். சாப்பாடு, ரூம், வெயில் எல்லாம் சொன்னான். ஞானதுரை வீட்டில் வாரம் ஒரு நாள் சாப்பாடாம். பிறகு குரலை இறக்கினான்.

“அம்மா, என்னைய அந்தத் தீவு ஸ்டேடியத்துலயே போட்டுட்டாங்க. பாலம் வந்து முடியற எடத்துப் படிக்கட்டு இப்ப என்னோட டேபிள்லதான் இருக்குது.”

“அப்படியா.”

“ரெண்டாவது பாலத்த எடுத்துட்டாங்கம்மா. செலவு அதிகம்னு போன வாரமே மீட்டிங்ல முடிவு பண்ணிட்டாங்க. அப்ப இந்தப் படிக்கட்டு ஏழு மீட்டர்தான். நான் போட்டுப் பாத்தேன், ரெண்டு மணி நேரம் காட்டுது. ஏதோ தப்பாப் போடறேன்னு நெனச்சு இவங்ககிட்டக் கேட்டேன். அதெல்லாம் நடுத்தர அபாயம்தான், உங்கம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு உங்க ரிப்போர்ட்ட எடுத்துக் காட்டறாங்க.”

சமையலறையில் குக்கர் கத்தியது. இவர் போய் அணைத்தார்.

“போதுமாங்கம்மா ஏழு மீட்டர்?”

“ரிப்போர்ட்ல எல்லாம் எழுதியிருக்கே.”

“இல்லீங்கம்மா, நீங்க சொல்லுங்க. போதாதுன்னா நான் நாளைக்கு மீட்டிங்ல எந்திரிச்சுச் சொல்லிடறேன். புதுசா வந்தவன்னு திட்டுவாங்க. வேலைய விட்டுத் தூக்குனாலும் தூக்கட்டும். தப்புன்னா தப்புதானே?”

இவர் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு வயது இருபத்தொன்பது. இரண்டு வருஷம் அந்தக் கதவு சாத்தியே கிடந்தது. உலகம் எப்படிப்பட்டது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று சொன்னால் கேட்கிறவர்களா அவர்கள்? அத்தனை பேரும் அயோக்கியர்கள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாமி” என்றேன். “அவங்க கேக்கறத வரைஞ்சு குடு.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.

“சரிங்கம்மா” என்றான்.

என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.